இன்னும் பறக்கவில்லை

ஆண் பருந்து மேலே வந்தது. காலில் ஏதோ தொங்கியது, எலியாக இருக்கும். கரும்புக்குள்ளிருந்து பெண் பருந்து கிளம்பி அதற்கு நேர் கீழே போனது. மேலே இருந்தது பிடியை விட்டது. கீழே இருந்தது அந்தரத்தில் மல்லாந்து, கால்களை நீட்டி, விழுந்த இரையைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஆண் மலைப் பக்கமும் பெண் கரும்புக்குள்ளும் போய்விட்டன. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

நான் கையில் தேநீர்க் கோப்பையோடு வேலியோரம் நின்றிருந்தேன். பார்த்ததைச் சொல்ல வீட்டைப் பார்த்துத் திரும்பினேன். வீட்டில் யாரும் இல்லை. மனைவி மங்கம்மாவும் மகள் ஷீலாவும் சிட்னிக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியும், எதையாவது பார்த்தால் வீட்டுப் பக்கம் திரும்புகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அதை வேலியோரமே கொட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

இதெல்லாம் நடந்து இத்தனை வருஷம் கழித்து, இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர் இப்போது கடிதம் எழுதியிருக்கிறார். "மனைவியும் மகளும் போனபோது நீங்கள் ஏன் போகவில்லை? அதை மட்டும் எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறீர்களே" என்று கேட்கிறார். கெட்டிக்காரி. நானும் அப்பாவின் வண்டிமாடு, எங்கள் ஊர் பினாங்கு சர்க்கரை ஆலையின் சங்கு, ராக்கிராக்கி சந்தை என்று பல வாரங்களை ஒப்பேற்றிவிட்டேன். இந்த வாரம் மாட்டிக்கொண்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோழி போன நாள்

ஃபிஜியின் தலைநகர் சூவாவில் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, எங்களைப் போன்ற இந்தியர்கள் நிறைந்த ஆட்சியைக் கவிழ்த்த வருஷம் அது. ரேடியோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். யாரும் யாரோடும் உரக்கப் பேசவில்லை. சில வாரங்களில் டவுனில் பாஸ்போர்ட் போட்டோ பிடிக்கிற கடைவாசலில் மட்டும் கூட்டம் இருந்தது.

எங்கள் பாதையில் ஏழு வீடுகள். மூன்று வீடுகளின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. அவர்கள் விட்டுப்போன நாய்கள் முதலில் தங்கள் வாசலில் படுத்திருந்தன. பசி எடுத்ததும் என் வாசலுக்கு வந்தன.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு டிரக்கில் ஐந்தாறு ஃபிஜியர் இளவட்டங்கள் வந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் இல்லை. ஒருவன் கையில் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது. என்னைப் பார்த்து, "உட்கார்" என்றான். உட்கார்ந்தேன். முற்றத்து மண்ணில், ஈரத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். சப்பணம் போடச் சொல்லி அவன் கேட்கவில்லை. நானாகத்தான் போட்டேன்.

மங்கம்மா உட்காரவில்லை. நிலைப்படியில் நின்றாள். பின்னால் ஷீலா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "கோழிதான இருக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்டுக்குள்ள மட்டும் கால வைக்காதீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. கடைக்காரரிடம் பருப்பு கேட்கிற குரல்தான். அவர்கள் கோழிகளைப் பிடித்து மூட்டையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்புறம் அவள் முற்றத்துக்கு வந்து கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அன்று மத்தியானமே சிட்னியிலிருந்த தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். நான் உட்கார்ந்ததைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, என்றைக்கும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அண்ணன் காகிதங்களுக்கு ஏற்பாடு செய்தார். தாயும் மகளும் முதலில் போவது, நான் கரும்பை வெட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போவது என்று முடிவாயிற்று. எல்லாம் சரியான ஏற்பாடுதான். வயலில் நிற்கிற கரும்பை விட்டுவிட்டு எந்தச் சம்சாரி போவான்?

கருடன் இல்லாத ஊரில் கருடன்

அந்தப் பருந்துகளின் கூட்டைக் கண்டது தற்செயல். வயலின் கீழ்மூலையில், ஓடையை ஒட்டிக் கொஞ்சம் சதுப்பு உண்டு. அங்கே கரும்பு சரியாக வராது, கோரை மண்டிவிடும். களை பார்க்கப் போனவன் தலைக்கு மேல் பெண் பருந்து கத்திக்கொண்டு பாய்ந்தது. தொப்பி பறந்துவிட்டது. தொப்பியை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். தரையிலேயே, காய்ந்த கோரையும் கரும்புச் சோகையும் பரப்பிய மெத்தை. நடுவில் மூன்று முட்டைகள்.

எங்கள் ஆட்கள் இந்தப் பறவையைக் கருடன் என்போம். கன்னத்தில் போட்டுக்கொள்வோம். உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். ஃபிஜியில் கருடன் கிடையாது. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு இறக்கையுமாகத் தமிழ்நாட்டுக் கோயில் குளங்களின் மேல் வட்டமிடுகிறதே, அது இந்தத் தீவுகளில் இல்லவே இல்லை. இங்கே இருப்பது பூனைப்பருந்து வகை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இதற்குச் சில வருஷங்களுக்கு முன் எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குருக்களை வரவழைத்திருந்தோம். கலசத்தில் நீர் ஊற்றும் நேரம். கீழே சனங்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். கரும்புக் காட்டுப் பக்கமிருந்து இந்தப் பருந்து வந்து ஒரு வட்டம் அடித்தது. "கோவிந்தா" என்று ஒரே சத்தம். குருக்கள் மட்டும் குடத்தைச் சாய்க்காமல் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இது கருடன் இல்லையே" என்றார்.

பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெருமாளண்ணன். எங்கள் கரும்பு வெட்டும் கேங்குக்கு அவர்தான் சர்தார், அதாவது மேஸ்திரி. எங்களில் தமிழைத் தமிழாகப் பேசுகிற கடைசி ஒன்றிரண்டு பேரில் ஒருவர். மற்றவர்கள் எல்லாம் ஃபிஜி இந்திதான். அவர்கள் பேச்சை நான்தான் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

"சாமி, எங்க தாத்தாவ கப்பல்ல ஏத்தினவன் கருடன ஏத்தல. இங்க இருக்கிறதுதான் வரும். நீ ஊத்து" என்றார் பெருமாளண்ணன்.

குருக்கள் ஊற்றிவிட்டார்.

முறை தள்ளிப் போனது

எங்கள் பக்கம் கரும்பை அவனவன் தனியாக வெட்டுவதில்லை. கேங்காகச் சேர்ந்து, ஆளுக்கொரு முறை வைத்து, வரிசையாக வயல் வயலாக வெட்டிக்கொண்டு போவோம். வரிசையைப் பருவம் தொடங்குமுன் கூட்டம் போட்டுத் தீர்மானிப்போம். கடைசி வயலையும் வெட்டி முடித்தால்தான் கேங்கு கலையும், எல்லாருக்கும் கணக்குத் தீரும். அந்த வருஷம் கேங்கில் பாதிப் பேர் இல்லை. மிச்சம் பதினாலு பேர். ஆள் குறைச்சல் என்பதால் சோகையைக் கொளுத்திவிட்டு வெட்டுவது என்று முடிவு. தீ வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

என் முறை வந்தபோது கூட்டைப் பற்றிச் சொன்னேன். பெருமாளண்ணன் வந்து தூரத்திலிருந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கருடன் குந்தியிருக்கிற எடத்துல தீ வைக்க மாட்டன். உன் முறைய பின்னால தள்ளிடலாம்" என்றார்.

செமி சிரித்தான். அவன் பக்கத்து ஃபிஜியர் கிராமத்து ஆள், பல வருஷமாக எங்கள் கேங்கில் இருப்பவன். கோழி போன மறுநாள் அந்த டிரக்கைத் தேடிக்கொண்டு இரண்டு ஊர் அலைந்தவன். அவன் இந்தப் பறவையை மனுலேவு என்பான். பெரிய பறவை என்று அர்த்தம். அவனுக்கு அது சாமியும் இல்லை, பூதமும் இல்லை. "என் அம்மாவின் கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்காகப் பதினாலு பேர் காத்திருக்கிறோம்" என்றான். ஆனாலும் அவனும் காத்திருந்தான்.

"கீழ்மூலைய விட்டுட்டு மிச்சத்த கொளுத்தாம பச்சையா வெட்டிடலாமா?" என்று பெருமாளண்ணன் கேட்டார்.

"ஆள் சத்தம் கேட்டா பறவை கூட்ட விட்டுடும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதற்கும் பறவைக்கும் சம்பந்தமில்லை.

ஞாயிறு மூன்று மணி

முச்சந்தியில் குஜராத்திக்காரர் ஒருவரின் கடை. டெலிபோன் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மங்கம்மா கூப்பிடுவாள். நான் இரண்டரைக்கே போய் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிடுவேன். கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு மூன்று மணி ஆகப்போகிறது என்று தோன்றும்.

"சாப்பிட்டீங்களா?" என்பாள். "ம்" என்பேன். "நீ?" என்பேன். "ம்" என்பாள். பிறகு ஷீலாவிடம் கொடுப்பாள். பதினோரு வயது. புதுப் பள்ளியில் தோழிகள் யாரும் இல்லை. அதற்கும் எனக்கும் பேச ஒன்றுமே கிடைக்காத ஒரு ஞாயிற்றில்தான் முட்டைகளைப் பற்றிச் சொன்னேன்.

அதன் பிறகு பேச்சுக்குப் பஞ்சமில்லை. முட்டை பொரிந்துவிட்டதா, எத்தனை, என்ன நிறம், கண் திறந்ததா. இரண்டு குஞ்சுகள், மூன்றாவது முட்டை பொரியவில்லை. பஞ்சு ஒட்டினாற்போல வெளுப்பாக இருந்தன. எலி பிடிக்கவென்று வெள்ளைக்காரன் கொண்டுவந்துவிட்ட கீரிகள் எங்கள் கரும்பு முழுக்க உண்டு. கூடு தரையில் இருக்கிறதே. காலையும் மாலையும் தடியோடு ஓடையோரம் போய் உட்கார்ந்தேன். ஒரு கீரியை அடித்தேன். அதை ஷீலாவிடம் சொன்னபோது அது சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னது.

அந்த வாரங்களில் நான் நன்றாக இருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நாட்டில் இன்னொரு தடவை ராணுவம் புகுந்தது. பாதையில் நாலாவது வீட்டுக்கும் பலகை அடித்தார்கள். எனக்கோ காலையில் எழுந்ததும் போக ஓர் இடம் இருந்தது. என் காவலை நம்பி இரண்டு உயிர்கள் இருந்தன. அவற்றில் எதுவும் நான் முற்றத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததில்லை.

"தீபாவளிக்கு இங்க இருப்பீங்களா?" என்று மங்கம்மா கேட்டாள்.

"குஞ்சு பறக்கட்டும். கேங்கு தீ வைக்க மாட்டேங்குது" என்றேன்.

"அண்ணன் வாங்கின காகிதத்துல தேதி போட்டிருக்கு. அதத் தாண்டினா மறுபடி எழுதிப் போட முடியாதாம்."

"தெரியும்" என்றேன்.

காலிக் கூடு

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு காலை, குஞ்சுகள் கூட்டில் இல்லை. முந்தின நாட்களிலேயே கோரைமேல் எம்பி எம்பி விழுந்துகொண்டிருந்தன. இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம், வேலிக் கம்பத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. இன்னொன்று வானத்தில் தாயின் பின்னால் கத்திக்கொண்டு போனது. நாலைந்து நாளுக்குப் பிறகு அவை அந்தப் பக்கமே வரவில்லை.

நான் தடியோடு போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். மறுநாளும் போனேன். என்ன காவல் காக்கிறோம் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷீலா கேட்டது: "குஞ்சு பறந்துச்சா அப்பா?"

"இன்னும் பறக்கல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தானாக வந்தது. வந்ததும் அது எவ்வளவு சௌகரியமான பொய் என்று புரிந்தது. கேங்கிடமும் அதையே சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். தீபாவளி போயிற்று. வாசலில் ஒரே ஒரு விளக்கு வைத்தேன். அதையும் காற்று அணைத்துவிட்டது.

சிட்னிக்குப் போக எனக்குப் பயமா? பயம்தான். மச்சான் வீட்டுப் பின்னறை, தெரியாத வேலை, எல்லாம் உண்டு. ஆனால் அதெல்லாம் பழகியிருக்கும். பழகாதது ஒன்றுதான். தினமும் காலையில் மங்கம்மாவின் முகத்தில் விழிக்க வேண்டும். அவள் முகத்தில் ஒரு குறையும் இருக்காது. கையை நீட்டி என்னை எழுப்பிவிட்ட அதே முகமாக இருக்கும்.

கார்த்திகை முடியும் சமயம் பெருமாளண்ணன் என்னிடம் சொல்லாமல் ஓடைப் பக்கமாக உள்ளே போயிருக்கிறார். வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கூட்டுல புல்லு மொளச்சிருக்குடா சிங்காரம்."

நான் தடியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

"எத்தினி நாளாச்சு?"

"தீபாவளிக்கு முன்ன."

"அப்ப எதுக்குடா எங்கள நிறுத்தி வச்ச? மழ புடிச்சிக்கினா லாரி உள்ள எறங்காது. பதினாலு குடும்பம். கருடன்னு சொன்னியேன்னு பொறுத்துக்கினேன். நீ சாமி பேர சொல்லி என்னாண்ட பொய் சொல்லியிருக்க."

"தப்புதாண்ணா."

அவர் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கொடியில் என் சட்டைகள் இரண்டு மட்டும் தொங்கின. குரல் இறங்கியது.

"உனுக்குப் போவ இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லு. அத்த ஏன் பட்சி தலையில வக்கிற?"

தீ

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கொளுத்தினோம். தீயை நான்தான் வைக்க வேண்டும் என்றார் பெருமாளண்ணன். கீழ்மூலையிலிருந்தே வைத்தேன். கூடு முதலில் பிடித்துக்கொண்டது. காய்ந்த கோரை, நிமிஷத்தில் போய்விட்டது.

அப்போதுதான் அவை வந்தன. புகை எழுந்ததும் நாலு திசையிலிருந்தும் பருந்துகள். தீக்கு முன்னால் எலியும் தவளையும் கீரிக்குட்டியும் ஓடிவர, அவை தாழப் பறந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கின. சூடு இறக்கையில் படுகிற தூரம்வரை போய்த் திரும்பின. அதில் இரண்டு கருப்பாக, பிடரியில் வெள்ளைப் பொட்டோடு இருந்தன. அந்த வருஷத்துக் குஞ்சுகள். என்னுடையவைதானா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

"சிங்காரம், உன் சாமி சாப்பிட வந்துவிட்டது" என்றான் செமி.

யாரும் சிரிக்கவில்லை. நான் எந்தத் தீயிலிருந்து அவற்றைக் காப்பாற்றினேனோ, அந்தத் தீக்காக அவை காத்திருந்திருக்கின்றன. பாவம், எத்தனை வாரம் காக்க வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்குச் சிட்னியின் நினைவு வந்தது.

மறுநாளும் வெட்டு. கருகிய கரும்பை வெட்டினால் கரி தோலுக்குள் போய்விடும், சோப்புக்கு மசியாது. அந்தக் கையோடு மூன்று மணிக்குக் கடைக்குப் போனேன். கரும்பு முடிந்தது, டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்று சொல்வதாகத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு ஷீலாதான் முதலில் பேசியது.

"குஞ்சு பறந்துச்சா அப்பா?"

"இன்னும் இல்லம்மா" என்றது என் வாய். "ஒண்ணு மட்டும் ரெக்கைய அடிச்சுப் பாக்குது."

கம்பிக்குள் கடல் இரைகிறாற்போல ஓர் ஓசை. பிறகு ஷீலா குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அம்மா துணி எடுக்கப் பின்னால போயிருக்காங்க. அப்பா, இங்க ஸ்கூல் லைப்ரரில ஒரு புஸ்தகம் இருக்கு. அந்தப் பறவை இங்கயும் இருக்காம். படம் போட்டிருக்கு. ஆறேழு வாரத்துல பறந்துடும்னு போட்டிருக்கு."

நான் டெலிபோனை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தீபாவளிக்கு முன்னயே எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லல" என்றது. "நீங்க வராட்டி பரவால்ல அப்பா. ஆனா ஞாயித்துக்கிழமை பேசணும். பறவையப் பத்தி வேணாம். வேற ஏதாவது சொல்லுங்க."

வருகிறேன் என்று சொல்ல அந்த நிமிஷம் இருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் இந்தத் தொடரை நான் வேறு ஊரிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். நான் சொன்னது, "சரிம்மா."

வாசகி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ராணுவம் இல்லை, கரும்பு இல்லை, கருடனும் இல்லை. பதினோரு வயதுப் பெண் ஒன்று, வராவிட்டால் பரவாயில்லை என்று சொன்னது. நான் அதை வாங்கிக்கொண்டேன். பங்குனியில் காகிதத்தின் தேதி கழிந்தது.

டெலிபோனில் என் கைக்கரி அப்பியிருந்தது. கடைக்காரர் ஒரு துணியை எடுத்துவந்து, என்னை ஒன்றும் கேட்காமல், துடைத்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு, பக்கத்து வீட்டுக்காரர்கள் விட்டுப்போன நாய் கட்டைக்கால்கள்மேல் நிற்கிற என் வீட்டுக்கடியில் குட்டி போட்டிருப்பதைச் சொன்னேன். எத்தனை குட்டி என்று ஷீலா கேட்டது. எனக்குத் தெரியவில்லை. இருட்டுக்குள் தாயோடு சுருண்டு கிடந்ததை மட்டும்தான் பார்த்திருந்தேன். ஐந்து என்று சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டு வந்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.